லேட்டாக ஆரம்பித்தாலும் சைக்கிள் கைவிடாது!

உங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் மூலையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்... பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, டயரில் காற்று இறங்கி, செயினில் துரு ஏறி ஒரு சைக்கிள் நிற்கிறதா? பையன் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்ததாக இருக்கலாம். அல்லது, மில்லுக்குப் போய்வர அந்தக் காலத்தில் அப்பா வாங்கிய ஹெர்குலிஸாக இருக்கலாம்.

அப்படியே வீட்டுக்குள் வாருங்கள். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு கவர். உள்ளே லேப் ரிப்போர்ட். வெறும் வயிற்றில் சுகர் 118. "எல்லைக்கோட்டுல நிக்கறீங்க. இப்பவே உடம்பை அசைச்சா மாத்திரை தள்ளிப் போகும். நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரரோ, "ஏனுங்க டாக்டர், நாப்பத்தஞ்சு முடிஞ்சுதுங்க... இனிமேல் போய் சைக்கிளுங்களா?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார்!

பீளமேட்டில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கும் பையன் லீவுக்கு வந்திருக்கிறான். போன வருஷம் தைத்த பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. "படிச்சு முடிச்சு வேலைக்குப் போனப்புறம் பாத்துக்கலாம்மா" என்கிறான்.

அப்பாவுக்கு, நேரம் தாண்டிவிட்டது என்ற நினைப்பு. பையனுக்கு, நேரம் இன்னும் இருக்கிறது என்ற நினைப்பு. இரண்டுமே தப்புக் கணக்கு! எப்படி என்கிறீர்களா? ஒரு நிஜ மனிதரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

யார் இந்த நவீன் ஜான்?

சிறு வயதில் குவைத்தில் வளர்ந்தவர் நவீன் ஜான். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங். நம் வீட்டுப் பிள்ளைகள் போகிற அதே பாதைதான். அங்கே போனதும் நம் பிள்ளைகளுக்கு நடப்பதுதான் இவருக்கும் நடந்தது. நேரங்கெட்ட சாப்பாடு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காத படிப்பு. எடை ஏறிக்கொண்டே போனது.

சின்ன வயதிலேயே மைதானத்தில் ஓடி மெடல் வாங்கிய பையன் அல்ல இவர். 'பிறவி வீரன்' என்று யாரும் சொன்னதும் இல்லை. உடம்பைக் குறைக்க வேண்டும் என்ற நிலையில்தான் சைக்கிளில் ஏறினார். கல்லூரியில் இருந்த சைக்கிள் குழுவோடு பழகினார். எடை இறங்கியது. சைக்கிளிலிருந்து இறங்கத்தான் மனசு வரவில்லை!

இந்தியா திரும்பி பெங்களூரில் தங்கினார். இன்ஜினீயர் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு சைக்கிள் பந்தயத்தையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். ஒரு நடுத்தரக் குடும்பத்தில் இந்த முடிவைச் சொன்னால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்! நம் நாட்டில் சைக்கிள் பந்தயத்தை நம்பிப் பிழைத்தவர்கள் அப்போது அநேகமாக இல்லவே இல்லை.

தேசியப் போட்டியில் சாம்பியன் பட்டம் பலமுறை கிடைத்தது. 2016 அக்டோபரில் கத்தார் தலைநகர் தோஹாவில் உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கே, தனி ஆளாக நேரத்தோடு போட்டி போடும் ஆண்கள் பிரிவில், அர்விந்த் பன்வார் என்ற இன்னொரு இந்திய வீரரோடு நவீன் ஜானும் களம் இறங்கினார். ஜெர்மனியின் டோனி மார்ட்டின் தங்கம் வென்ற பந்தயம் அது. நம்மவர்களுக்கு மெடல் கிடைக்கவில்லை. ஆனால் உலகின் முதல்தர வீரர்கள் புறப்படும் அதே மேடையிலிருந்து இந்தியக் கொடியோடு இரண்டு பேர் புறப்பட்டார்கள்.

அடுத்த வருஷம், 2017-ல், ஆஸ்திரேலியாவின் 'ஸ்டேட் ஆஃப் மேட்டர் மாப்' என்ற தொழில்முறை அணி இவரைச் சேர்த்துக்கொண்டது. சர்வதேச சைக்கிள் சங்கத்தில் கான்டினென்டல் அணியாகப் பதிவான குழு அது. அந்த அளவிலான அணியில் இடம் பிடித்த முதல் இந்தியர் இவர்தான். அப்போது இவருக்கு வயது முப்பதை ஒட்டி!

கவனியுங்கள். ஐரோப்பாவில் பத்து, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகள் பந்தய சைக்கிளில் ஏறிவிடுகிறார்கள். இவர் ஆரம்பித்ததே கல்லூரியில், அதுவும் தொப்பையைக் குறைக்க!

ஆடிக் காற்றும் டைம் டிரையலும்

தனி ஆளாக நேரத்தோடு போட்டி போடுவதை 'டைம் டிரையல்' என்பார்கள். ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும். யார் பின்னாலும் ஒண்டிக்கொண்டு போகக் கூடாது. குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயித்தவர். தோஹாவில் 40 கிலோமீட்டர். 'ஏன் பின்னால் போகக் கூடாது?' என்று கேட்கிறீர்களா? ஆடி மாசம் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் டூ வீலரில் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று முகத்தில் அறையும். முன்னால் ஒரு லாரி போனால் எவ்வளவு சுகம்! சைக்கிளிலும் அதே கதை. வேகமாகப் போகும்போது வீரரின் பலத்தில் பெரும் பகுதி காற்றைக் கிழிக்கவே போய்விடுகிறது. அதனால்தான் மற்ற பந்தயங்களில் அணியின் மற்ற வீரர்கள் முன்னால் நின்று காற்றைத் தாங்கி, தங்கள் தலைவனைப் பின்னால் பத்திரமாகக் கூட்டிப் போவார்கள். டைம் டிரையலில் அந்த உதவி கிடையாது. அவரவர் நெஞ்சும் அவரவர் காலும்தான் துணை.

இந்த நெஞ்சுக்கும் காலுக்கும் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. சாதாரண ஆளுக்கு ஒரு துடிப்புக்கு 70 மில்லி என்று வைத்துக்கொண்டால், 72 தடவை துடித்தால்தான் 5 லிட்டர் வரும். வருஷக்கணக்கில் சைக்கிள் ஓட்டியவருக்கு இதய அறை விரிந்து, தசை பலப்பட்டு, ஒரே துடிப்பில் 110 மில்லி கூட வெளியேறும். அவருக்கு 45 துடிப்பு போதும், கணக்கு சரியாகிவிடும்.

நிமிடத்துக்கு 27 துடிப்பு மிச்சம். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 1,620 துடிப்பு! நல்ல மோட்டார் போட்ட கிணறு மாதிரி. குறைந்த நேரம் ஓடி அதே அளவு தண்ணீரை இறைக்கிறது.

'நமக்கு 45 வருமா?' என்று கேட்க வேண்டாம். வரத் தேவையும் இல்லை. 84-ல் இருப்பவருக்கு சில மாதப் பழக்கத்தில் 76 ஆனாலே லாபம்தான். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணி, காலண்டரில் எழுதி வையுங்கள். காசு கொடுக்காமல் வீட்டிலேயே எடுக்கிற டெஸ்ட் இது!

சுகருக்குப் பின்வாசல்

தோஹாவுக்குப் போனவரை விடுங்கள், 118 என்று ரிப்போர்ட் வாங்கி வந்த நம் வீட்டுக்காரருக்கு வருவோம்.

சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஓடுகிறது. அது தசைக்குள் நுழைய வேண்டும். வாசல் பூட்டியிருக்கிறது. சாவி, இன்சுலின். தொப்பை போட்டவர்களுக்குப் பெரும்பாலும் சாவி இருக்கும், பூட்டுதான் துருப்பிடித்திருக்கும். சாவி சுழலாது. சர்க்கரை தெருவிலேயே நிற்கும். அதைத்தான் ரிப்போர்ட் காட்டுகிறது.

இங்கேதான் சைக்கிளின் வேலை. தசை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ஒரு பின்வாசல் திறக்கிறது. சர்க்கரை அந்த வழியாக உள்ளே போகிறது. நம் உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் இருப்பவை. சைக்கிள் மிதிப்பது அவற்றைத்தான். ஆகவே பெரிய கிட்டங்கிக்கே கதவு திறந்த மாதிரி! அதோடு முடியவில்லை. ஓட்டி முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை பழைய பூட்டு கொஞ்சம் இளகியே இருக்கும். அதற்கப்புறம் மறுபடி இறுகும். அதனால்தான் 'இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதே' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு வாங்க 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மற்ற 6 நாள் சோபாவில் சாய்வதைவிட, தினம் அரை மணி நேரம் மேல்.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு சர்க்கரை வியாதி இருப்பதாக, 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு சுகர் வந்துவிடுகிறது. எனவே தராசை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு இன்ச் டேப் எடுத்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், சைக்கிளைத் துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது!

குன்னூர் மலையும் அரிசிப் பையும்

சைக்கிள்காரர்கள் எடையைப் பற்றி ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள் தெரியுமா? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உங்கள் கேரியரில் 10 கிலோ அரிசிப் பையைக் கட்டி, 'இதோடு குன்னூர் ஏறுங்க' என்றால் திட்டுவீர்களா, மாட்டீர்களா? இடுப்பில் 10 கிலோ கூடுதலாக இருப்பவர் அந்த அரிசிப் பையோடுதான் மாடிப்படி ஏறுகிறார், பஸ் பிடிக்க ஓடுகிறார். முழங்காலும் இதயமும் தினமும் அந்தப் பையைத் தூக்குகின்றன.

நம் நீலகிரி மலை ரோடுகள் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஊர் ஊராகத் தெரிந்தவை. 2008-லிருந்து 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்று டிசம்பர் மாதத்தில் ஒரு பயணம் நடந்து வருகிறது. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று மலைப்பகுதிகளைச் சுற்றி ஒரு வாரத்துக்குப் போவார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசி வளைவுகளைச் சொன்னாலே அவர்கள் தொடையைத் தடவிக்கொள்வார்கள்! அதில் போகிறவர்களில் பந்தய வீரர்களும் உண்டு. ஆபீஸ் போகிற, கடை வைத்திருக்கிற, நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களும் உண்டு.

உங்களைக் கல்லட்டி ஏறச் சொல்லவில்லை. பேரூர் ரோடோ, தொண்டாமுத்தூர் பக்கமோ, பொள்ளாச்சித் தோப்புகளுக்கு நடுவே போகும் சின்ன ரோடோ, கோபியில் வாய்க்கால் கரையோ, விடியற்காலையில் வண்டி நெரிசல் இல்லாத சமதளம் எதுவானாலும் போதும்.

என்ன சாப்பிடுவது?

பந்தய வீரர்களின் சாப்பாட்டைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நீண்ட பந்தயத்தில் அவர்கள் மணிக்கு 60-லிருந்து 90 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்வார்கள். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரை 2 மணி நேரத்தில் தீர ஆரம்பித்துவிடும். சாப்பிடாவிட்டால் கண் இருட்டி, கால் நின்றுபோகும். அவர்களுக்கு அது அவசியம்.

நாம் ஓட்டப் போவது 40 நிமிடம். வழியில் ஒரு வாய் தண்ணீர் போதும். ஆனால் நடப்பது என்ன? ஓட்டி முடித்ததும் நேராக பேக்கரி! சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூட ஒரு பப்ஸ். எரித்ததெல்லாம் அந்த பெஞ்சிலேயே திரும்பி வந்துவிடும்.

நம் கொங்கு நாட்டுச் சமையலில் இல்லாததா? கொள்ளுப் பருப்பு, கம்பங்கூழ், ராகிக் களி, நிறையக் காய் போட்ட அரிசிம்பருப்பு சாதம், மோர். அளவோடு சாப்பிட்டால் இதைவிட நல்ல சாப்பாடு எந்த வீரருக்கும் கிடைக்காது. 'கருப்பட்டிதானே, நாட்டுச் சர்க்கரைதானே' என்று அள்ளிப் போடாதீர்கள். ரத்தத்துக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். இளநீர் நல்லதுதான், ஆனால் கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

ஒரு காலிக் கேப்ஸ்யூல் படுத்திய பாடு!

சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததும் நாலு பேர் நாலு பவுடரைச் சொல்வார்கள். 'ஸ்டாமினாவுக்கு நல்லது' என்பார்கள். அப்போது இந்தத் தென்னாப்பிரிக்கக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் பந்தயத்தில் தென்னாப்பிரிக்காவும் நம்மைப் போல் வெளியே நின்று எட்டிப் பார்த்த நாடுதான். பிரான்ஸில் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்'தான் இந்த விளையாட்டின் உலகக் கோப்பை மாதிரி. அதில் தென்னாப்பிரிக்கர் ஒருவர், ராபர்ட் ஹன்டர், முதன்முதலில் கலந்துகொண்டதே 2001-ல்தான். 2007-ல் அவர் ஒரு நாள் பந்தயத்தை ஜெயித்தார். அதற்குப் பின் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த டேரில் இம்பி, 2013 ஜூலையில், முதலிடத்தில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் சட்டையைப் போட்டார். அந்தச் சட்டையைப் போட்ட முதல் ஆப்பிரிக்கர் அவர்!

மறு வருஷமே இடி விழுந்தது. 2014 பிப்ரவரியில் எடுத்த சோதனையில் அவர் உடம்பில் 'புரோபெனசிட்' என்ற மருந்து இருந்தது. மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வரும் 'கௌட்' நோய்க்குத் தருகிற மருந்து அது. ஊக்க மருந்து சாப்பிட்டதை மறைக்க உதவும் என்பதால் வீரர்களுக்குத் தடை. அந்த வருஷ டூர் டி பிரான்ஸ் போய்விட்டது. பெயரும் கெட்டது.

நடந்தது என்ன தெரியுமா? சோடா உப்பைப் போட்டு விழுங்குவதற்காக ஒரு மருந்துக் கடையில் காலிக் கேப்ஸ்யூல்கள் வாங்கியிருந்தார் இம்பி. அதற்குச் சற்று முன்னால் அதே கடையில் இன்னொருவருக்கு புரோபெனசிட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதன் தூள் ஒட்டியிருந்த இடத்தில் காலிக் கேப்ஸ்யூல்களும் எண்ணப்பட்டிருக்கின்றன! மருந்தாளுநர் வந்து சாட்சி சொன்னார். 2014 ஆகஸ்டில் 'இவர் மீது தவறில்லை' என்று விசாரணைக் குழு விடுவித்தது. அதன் பின் 2018, 2019 இரண்டு வருஷமும் ஆஸ்திரேலியாவின் 'டூர் டவுன் அண்டர்' போட்டியை ஜெயித்தார். 2019-ல் டூர் டி பிரான்ஸிலும் ஒரு நாள் பந்தயத்தில் வெற்றி!

நமக்கென்ன பாடம்? நம்மை யாரும் ஊக்க மருந்துச் சோதனைக்குக் கூப்பிடப் போவதில்லை. ஆனால் ஒட்டிய தூளே ஒரு வீரரின் பெயரைக் கெடுக்கும் என்றால், லேபிள் இல்லாத டப்பாவில் கிடைக்கும் பவுடர் என்னென்ன செய்யாது? உதிரியாகக் கவரில் போட்டுத் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள அட்டையாகக் கேளுங்கள். பில் வாங்கி வையுங்கள். சாப்பிடுகிற சூரணம், பவுடர் எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வும் பயிற்சிதான்

மிதிக்கும்போது தசை பலம் பெறுவதில்லை; களைத்துத்தான் போகிறது. அது பழுது பார்த்துப் பலப்படுவது தூக்கத்திலும் ஓய்விலும்தான். அதனால்தான் தொழில்முறை வீரர்கள் ஓய்வு நாளையும் அட்டவணை போட்டு எடுக்கிறார்கள். காலையில் எண்ணும் நாடித் துடிப்பு வழக்கத்தைவிட 8, 10 கூடியிருக்கிறதா? உடம்பு களைத்திருக்கிறது, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. அன்று சைக்கிளை விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இன்னொரு விஷயம். சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் தாங்கிவிடுகிறது. அதனால் எலும்புக்கு வேலை குறைவு. வருஷக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டும் வீரர்களில் பலருக்கு எலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். எனவே, குறிப்பாக மாதவிலக்கு நின்ற பெண்கள், சைக்கிளோடு நடையையும் மாடிப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

முதலில் டாக்டர். 40 வயதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓட்டும்போது சுகர் சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் வந்தால் நிறுத்துங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்தது, சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரி. 'மூட்டு வலிக்குதுங்க' என்று சைக்கிளை ஓரம் கட்டியவர்களில் நிறையப் பேருக்குச் சீட்தான் குற்றவாளி! முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தணிவாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம்.

கியர் சைக்கிளா? கனமான கியரில் நெரித்து மிதிக்காதீர்கள். லேசான கியரில் காலை வேகமாகச் சுற்றுங்கள். மூட்டுக்கு நல்லது.

முதல் 2 வாரம் தினம் 15 நிமிடம். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். வாரத்தில் 150 நிமிடம் வந்துவிட்டால் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்ச அளவை எட்டிவிட்டீர்கள். வேகத்தைப் பார்க்க மீட்டர் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், தலைசுற்றல்... இதில் எது வந்தாலும் 'கேஸ்தான்' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலையில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு. இரண்டும் இல்லாமல் ரோட்டில் இறங்காதீர்கள்.

நவீன் ஜான் முதல்நாள் சைக்கிளில் ஏறியபோது தோஹாவை நினைத்திருக்க மாட்டார். உங்களுக்கும் தோஹா வேண்டாம். அடுத்த ரிப்போர்ட்டில் 118 என்பது 104 ஆனால் போதும். அதுதான் உங்கள் வீட்டு மஞ்சள் சட்டை!

நாளைக் காலையில் அந்தப் பெட்ஷீட்டை எடுங்கள். காற்று அடியுங்கள். செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். தெருமுனை வரை ஒரு ரவுண்ட் போய்விட்டு வாருங்கள். எதிர்வீட்டுக்காரர், "என்னங்க, இந்த வயசுல?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "ஆமாங்க, இந்த வயசுலதானுங்க வேணும்!"